ஓடி ஆடும் பிள்ளைக்கு எந்த லென்ஸ்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொங்கு அப்பா:
என் மகளுக்கு ஒன்பது வயது. மாலையானால் இறகுப்பந்து, ஞாயிறானால் தெருக் கிரிக்கெட். இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர். போன மாதம் எதிரில் நின்ற பையன் அடித்த இறகுப்பந்து நேராக அவள் கண்ணாடியில் பட்டது. வலது லென்ஸ் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு புருவத்தைக் கீறிவிட்டது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய கடையில் போய்க் கேட்டால், "ஃபைபர் லென்ஸ் சார், உடையவே உடையாது" என்கிறார்கள். உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கத் தனிப் பொறுமை வேண்டும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன வாங்கினீர்கள், எப்படி உழைத்தது?

மதுரை லென்ஸ்காரர்:
நான் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை செய்கிறவன். ஐயா, லென்ஸ் வந்த உறையோ பில்லோ இருந்தால் அதில் ஒரு எண் இருக்கும், பாருங்கள். கடையில் 'ஃபைபர்' என்பதும் பிளாஸ்டிக்தான். 1.50 என்றால் சாதாரண பிளாஸ்டிக். 1.56 என்றால் அதைவிடச் சற்று மெல்லியது; விலை குறைந்த 'ப்ளூ கட்' (நீல ஒளியைத் தடுக்கும்) லென்ஸ்களில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுப்பதே இல்லை. பலமாக அடிபட்டால் கூரிய துண்டுகளாகச் சிதறும்.

கேட்டு வாங்க வேண்டியது பாலிகார்பனேட், கடைப் பேச்சில் 'பாலி'. உறையில் 1.59 என்று இருக்கும். ஹெல்மெட்டின் முன்மறைப்பு செய்கிற அதே பொருள். அடியை வாங்கிக்கொண்டு வளைந்துகொடுக்குமே தவிர, எளிதில் தெறிக்காது. சாதாரண பிளாஸ்டிக்கைவிட எடை குறைவு. புற ஊதாக் கதிரையும் தானே தடுத்துவிடும். டிரைவெக்ஸ் என்று இன்னொன்று உண்டு, 1.53. அடி தாங்குவதில் பாலிக்கு நிகர், பார்வை இன்னும் தெளிவு. ஆனால் விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது.

இன்னொன்று. மைனஸ் லென்ஸ் நடுவில்தான் மிக மெல்லியதாக இருக்கும், பந்து வந்து படுவதும் பெரும்பாலும் அங்கேதான். "எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு தேய்த்துக் கொடுங்கள்" என்று பெற்றோரே கேட்கும்போது எனக்குப் பகீரென்று இருக்கும். நடுவில் 2 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

நெல்லைத் தாய்:
என் மகனுக்கு இடது கண் சோம்பல் கண். அதில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். "இவன் நம்பியிருப்பது வலது கண்ணை மட்டும்தான், அதற்கு அடிபட்டால் மாற்று இல்லை. விளையாட்டு நேரம் என்றில்லை, விழித்திருக்கும் நேரமெல்லாம் பாலி லென்ஸ் போட்டிருக்கட்டும்" என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாலிதான். படியில் விழுந்திருக்கிறான், சைக்கிளோடு விழுந்திருக்கிறான். ஃபிரேம் கோணியதே தவிர லென்ஸ் விரிசல் விட்டதில்லை.

ஆனால் கீறல்! அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புழுதிக் கையோடு சட்டை நுனியில் துடைத்தால், அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் லென்ஸ் மங்கிவிடுகிறது. இப்போது முதலில் குழாய் நீரில் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் விட்டுக் கழுவி, பிறகுதான் துணி. மகள் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தவறிச் சிந்தினாள்; பட்ட இடம் பால்போல் வெளுத்து, லென்ஸையே மாற்ற வேண்டியதாயிற்று.

மதுரை லென்ஸ்காரர்:
அந்தத் திரவத்தில் அசிட்டோன் இருக்கும் சகோதரி, பாலிக்கு அது ஆகவே ஆகாது. பாலியின் மேற்பரப்பும் மென்மையானது. ஆகவே இரண்டு பக்கமும் ஹார்டு கோட்டிங் (கீறல் தாங்கும் மேற்பூச்சு) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை விட்டுவிட்டுப் போனாலும் கோட்டிங் வெடிக்கும்.

சென்னை ஸ்குவாஷ் பெற்றோர்:
ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பாலி போட்ட தினசரிக் கண்ணாடி பள்ளிக்கூடத்துக்குச் சரி, மைதானத்துக்குப் போதாது. கிரிக்கெட் பந்து பெரியது; பெரும்பகுதி அடியைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு வாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான். இறகுப்பந்தின் தக்கை இன்னும் சிறியது, 25 முதல் 28 மில்லிமீட்டர். இரண்டுமே கண்குழிக்குள் புகுந்துவிடும். இந்திய இறகுப்பந்து வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். குழந்தைகள் ஆட்டத்தில் அந்த வேகம் வராது. ஆனால் வலையை ஒட்டி நிற்கிற பிள்ளைக்குக் கண் சிமிட்ட நேரம் இருக்காது.

உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் ஜூனியர் போட்டிகளில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஏ.எஸ்.டி.எம். எஃப்803 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரக் குறி உள்ளதை வாங்கினோம். பவரோடும் செய்து தருகிறார்கள். லென்ஸே இல்லாமல் வெறும் கம்பியோடு வருவது வேண்டாம், பந்து நசுங்கி இடைவெளி வழியே உள்ளே வந்துவிடும். முதல் வாரம் ஆவி படிகிறது என்று மகன் அழுதான். பிறகு பழகிவிட்டது.

கொங்கு அப்பா:
உறை கிடைத்தது, 1.56தான். பாலி சொல்லிவிட்டேன், விளையாட்டுக் கண்ணாடி அடுத்த மாதச் சம்பளத்தில். அம்மணிக்கோ, விளிம்பே இல்லாத ஃபிரேம்தான் வேண்டுமாம்.

மதுரை லென்ஸ்காரர்:
சம்மதிக்காதீர்கள் ஐயா. அதற்கு லென்ஸில் துளை போட்டுத் திருகு முடுக்க வேண்டும். பாலி அந்தத் துளையிலிருந்துதான் விரிசல் விடும். சுற்றிலும் விளிம்புள்ள பிளாஸ்டிக் ஃபிரேம், மூக்குப் பகுதி வழுக்காமல் பொருந்துவதாகப் பாருங்கள். தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை ஒன்றும் கேளுங்கள். நிறத்தை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், அப்போதுதான் கழற்றிப் பைக்குள் போடாமல் இருப்பாள்.