ஓகியாவிலிருந்து பம்பரகந்தைக்கு இறங்கும் பாதை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். தம்பிமாருடன் இலங்கை மலைநாட்டில் உள்ள ஓகியா ரயில் ஸ்டேஷனில் இறங்கி, உடவேரியா தோட்டம் வழியாக டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் பாதையில் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி வரை நடக்க ஆசை. அங்கிருந்து கலுபஹனவில் பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கலாம்.

ஹோர்டன் சமவெளியின் தெற்கு விளிம்பு சட்டென்று முறிந்து விழும் சரிவு அது. குடா ஓயா ஆறு அந்தப் பக்கத்தில்தான் பம்பரகந்தையாக 263 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டுகிறது. நாட்டிலேயே உயரமான அருவி நம் மலையில் இருந்தும் நம் பிள்ளைகள் பலர் பார்த்ததில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

எனக்குப் பயம் மழைதான். பம்பரகந்தை இருக்கும் அதே ஹல்துமுல்லப் பிரிவில்தான் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியது. அதனால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே மாட்டோம். மார்ச் சரிவருமா, அல்லது ஆடிக் காற்றைச் சமாளித்து ஜூலையில் போகலாமா?

அப்புறம், தோட்டத்துக்குள் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பைன் காட்டுக்குள் பாதை பிரியும் இடங்களில் எதைப் பிடிப்பது? இடையில் குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா? அட்டைக்கு உப்பும் சவுக்காரமும் எடுத்துக்கொள்வோம், அது சரி. முக்கியமாக, உடவேரியா லயத்தில் வழி தெரிந்த யாராவது கூட வருவார்களா? ஒரு நாள் சம்பளத்தை முறையாகக் கொடுப்போம். அண்மையில் போனவர்கள் பாதையின் படம் இருந்தால் கீழே போடுங்கள்.