புகை ‘கலைகிறதா’, ‘நீர்க்கிறதா’?

வணக்கம்.

ஆலைப் புகை காற்றில் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் கணித மாதிரியை ஆங்கிலத்தில் ‘dispersion model’ என்கிறார்கள். அந்த ‘dispersion’ என்பதற்குத் தமிழில் ‘கலைவு’ என்று நண்பர் முன்வைத்த சொல் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. கூட்டம் கலைந்தது, மேகம் கலைந்தது என்று தினமும் சொல்கிறோம். சிக்கலும் அங்கேதான். மேகம் கலைந்தால் வானத்தில் மேகம் இல்லை. புகைபோக்கியிலிருந்து வரும் சல்பர் டைஆக்சைடு அப்படிக் காணாமல் போவதில்லை. காற்றோடு நகர்ந்து, சுழல்களில் அகன்று, செறிவு குறைந்து எங்கோ ஒரு தெருவில் தரையைத் தொடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. இந்த மாதிரிகளின் அடிப்படையான காஸ் (Gauss) சமன்பாட்டில் தரைமட்டச் செறிவு உமிழ்வு வீதத்துக்கு நேர்விகிதம். கந்தக நீக்கி பொருத்தி உமிழ்வைப் பாதியாக்கினால், மற்றவை மாறாதவரை எல்லா இடத்திலும் செறிவும் பாதி. புகைபோக்கியை உயர்த்தினால் பக்கத்து ஊரில் குறையும். உமிழ்வில் ஒரு கிலோகூடக் குறையாது. இந்தியாவின் பொதுவிதி, மணிக்கு எத்தனை கிலோ சல்பர் டைஆக்சைடு என்ற எண்ணின் 0.3 அடுக்கை 14ஆல் பெருக்கி உயரத்தை மீட்டரில் சொல்கிறது. பெரிய அனல்மின் அலகுகளின் 275 மீட்டர்த் தூண்கள் இந்தச் சிந்தனையில் எழுந்தவை. உயர்த்துவதா, குறைப்பதா என்று ஒப்பிடத்தானே மாதிரியை ஓட்டுகிறோம்? ‘கலைவு’ என்றால் உயர்த்தினாலே போதும் என்று தோன்றிவிடும். ஆலைக்காரர்களுக்கு மிகப் பிடிக்கும்!

சரி, வேறென்ன? ‘விரவல்’ மூலக்கூறுகள் தாமாகக் கலப்பதற்குப் பாடநூலில் போய்விட்டது. இலங்கையில் அதற்கே ‘பரவல்’. ‘சிதறலை’ ஒளியியலும் புள்ளியியலும் எடுத்துக்கொண்டன.

‘நீர்த்துப்பரவல்’ எப்படி? புகையில் நீர் எங்கே என்று கேட்பீர்கள். நீர்த்த அமிலம் இருக்கட்டும், சட்டமே நீர்த்துப்போகிறதே! பொருள் அப்படியே இருக்கிறது, செறிவுதான் குறைகிறது என்பது இதில் தெளிவு. கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கே ஓர் உறுத்தல் உண்டு. எண்ணூர் போன்ற கரையோரத்தில், நண்பகல் கடற்காற்றில் உயரத்தில் ஒடுங்கிய பட்டையாக வரும் புகை, சூடான நிலத்தின் மேல் கொந்தளிக்கும் காற்றடுக்கைத் தொட்டதும் அதிகம் நீர்க்காமலே தரைக்கு இறங்கிவிடும். இதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘புகையிறக்கம்’ என்று எழுதிவருகிறேன்; கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதுபோல இருக்கிறதோ?