பூட் ஆகாத படிமம்: ஆய்வகக் குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆய்வகக் குறிப்பு ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். பழைய கணினியின் வன்வட்டை அப்படியே படிமமாக (இமேஜ்) எடுத்துப் புதுக் கணினியில் மீட்டால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் பூட் ஆகவில்லை, அதாவது இயங்குதளம் எழுந்து வரவில்லை, கறுப்புத் திரையில் 'No bootable device' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்த வரிக்கு 'துவக்கத்தக்க சாதனம் இல்லை' போதுமா?

---

> துவக்கத்தக்க சாதனம் இல்லை

ஐயா, எங்கட ஊரில துவக்கு என்றால் துப்பாக்கி. 'துவக்கு வட்டு' என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிட்ட குடுத்துப் பாருங்கோ, என்ன கேட்பினம் என்று தெரியும். 'தொடக்கம்' என்று எழுதினால் இரண்டு கரைக்கும் விளங்கும்.

---

தொடக்கம், துவக்கம் எல்லாம் எதற்கும் பொருந்துகிற பொதுச்சொல். 'பூட்டுதல்' என்றே வைக்கலாமே? சிரிக்க வேண்டாம். சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். மாட்டை நுகத்தில் பூட்டினால்தான் உழவே ஆரம்பம், தேருக்குக் குதிரை, வில்லுக்கு நாண், எல்லாவற்றிலும் கிடக்கிற ஒன்றைப் பிணைத்து வேலைக்குத் தயாராக்குவதுதான் பூட்டுதல். செய்யுளில்கூட ஈற்றுச் சொல்லை முதற்சொல்லோடு இணைப்பதை விற்பூட்டு என்கிறோம். ஒலியும் தானாக வந்து உட்காருகிறது.

---

> பூட்டுதல் என்றே வைக்கலாமே?

பொன்னேர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 'கணினி பூட்டிக்கொண்டது' என்று படித்தால் மாணவன் கடவுச்சொல்லைத் தேடிப் போவான். வட்டையே மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்து வைக்கிற காலம் இது. 'பூட்டிய வட்டு பூட்டவில்லை' என்று ஒருநாள் எழுத நேரும், அன்றைக்கு நீங்கள்தான் வந்து விளக்க வேண்டும். பேசாமல் 'பூட்' என்றே விடுங்கள். வடசொல்லை எழுத்து மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார்.

---

ஐயாக்களே, எந்தச் சொல்லை வைத்தாலும் எங்கே நின்றது என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும், எனக்கு அதுதான் கவலை. பயாஸ் (கணினியை எழுப்பும் பழைய தளநிரல்) காலத்துப் படிமம் வட்டின் முதல் 512 பைட்டில் உள்ள எம்.பி.ஆர். என்ற தொடக்கப் பதிவை நம்பியிருக்கும். புதுக் கணினிகள் பலவற்றில் பயாஸுக்குப் பதிலாக வந்த யூ.இ.எஃப்.ஐ. மட்டும்தான் உண்டு. அது ஃபேட்32 வடிவத்தில் உள்ள பகிர்வில் (வட்டின் ஒரு பிரிவில்) இ.எஃப்.ஐ. கோப்பு ஒன்றைத் தேடும், கிடைக்காவிட்டால் வட்டு கண்ணெதிரே இருந்தாலும் 'சாதனம் இல்லை' என்று சாதிக்கும். இது ஏற்றியே (இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவிடும் சிறு நிரல், லோடர்) கிடைக்காத கதை. இன்னொரு கதையில் ஏற்றி ஓடிவிடும், விண்டோஸ் சின்னம்கூட வரும், அப்புறம் நீலத்திரை. பழைய கணினியில் ஏ.எச்.சி.ஐ., புதியதில் ரெய்டு என்று வட்டோடு பேசும் கட்டுப்படுத்தியின் நிலை மாறியிருந்தால் இப்படி ஆகும். லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) என்.வி.எம்.இ. வகை வட்டுக்கான இயக்கி (டிரைவர்) இல்லாமல் போனாலும், இயங்குதளத்தின் கருவான கர்னல், மீதி இயங்குதளம் இருக்கும் மூல வட்டைக் காணாமல் நின்றுவிடும். இரண்டையும் 'தொடங்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் எழுதினால், இயக்கியைச் சேர்க்க வேண்டிய பையன் பகிர்வை அழித்துவிட்டு வந்து நிற்பான்.

---

அதெல்லாம் சரி, 'படிமம்' என்பதை மட்டும் ஏன் யாரும் கேட்கவில்லை? அது கவிதை விமர்சகர்களின் சொல். ஏட்டைப் பார்த்து அப்படியே எழுதுவதைப் படி எடுத்தல் என்றுதானே சொன்னோம்? 'வட்டுப்படி' என்று வையுங்கள்.

---

> வட்டுப்படி

பஞ்சப்படி, பயணப்படி வரிசையில் சேர்ந்துவிடும் அம்மா. 'வட்டுப்படி மீட்பு' என்றால் நிலுவைத் தொகை வருகிறதென்று அரசு ஊழியர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் 'தொடக்கம்' பக்கம் சாய்ந்ததால், அல்லது களைத்ததால், குறிப்பில் 'தொடக்க ஏற்றி கிடைக்கவில்லை', 'ஏற்றி ஓடியது, மூல வட்டு தெரியவில்லை' என்று இரண்டாகப் பிரித்து எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். படிமம் படிமமாகவே இருக்கிறது. ஆய்வகத்தில் வாயால் சொல்லும்போது 'பூட்'தான், அதை மாற்ற என்னால் ஆகாது.

---

அச்சுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 'மறுதொடக்கம்' ரீபூட்டா, ரீஸ்டார்ட்டா? 'மறுபூட்டு' என்றால் இந்தக் குழப்பமே வராது. அடுத்த பதிப்புக்காவது யோசியுங்கள். பூட்டாங்கயிறு பற்றியும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.