டிங்காடிங்கா: ஓவியரின் பெயரா, பாணியின் பெயரா?

கேள்வி – தூரிகை

அனைவருக்கும் வணக்கம். தான்சானியாவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய உறவினர் ஒருவர் எனக்குத் துணியில் தீட்டிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒட்டகச்சிவிங்கிகளும் பறவைகளும் இடைவெளியே இல்லாமல் நிறைந்திருக்கும் அதனை அவர் ‘டிங்காடிங்கா ஓவியம்’ என்றார். கீழ் மூலையில் இருப்பதோ வேறொருவரின் கையொப்பம். டிங்காடிங்கா என்பது ஓர் ஓவியரின் பெயர் என்றும், அந்த எட்வர்ட் சைதி டிங்காடிங்கா 1972ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார் என்று பிறகு படித்தேன். அப்படியானால் என்னிடம் இருப்பது போலியா? அவர் தம் கையால் வரைந்தவற்றை எப்படி இனம்காண்பது?

மறுமொழி – கிழக்குக்கரை

போலி என்று எண்ண வேண்டாம். ஒரு மனிதரின் பெயர் ஒரு பாணிக்கே பெயராகிவிட்டது. வருந்தத்தக்கது என்னவென்றால், பெயர் பரவிய அளவுக்கு அந்த மனிதரைப் பற்றிய செய்தி பரவவில்லை.

அவர் தெற்குத் தான்சானியாவின் துண்டூரு பகுதியில், 1932ஆம் ஆண்டு எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி வடக்கே தங்கா வட்டாரத்துச் சிசல் என்னும் நார்க்கற்றாழைத் தோட்டங்களுக்குச் சென்று, அங்கிருந்து தார் எஸ் சலாம் வந்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வீட்டில் தோட்டவேலை பார்த்தார். பின்னாளில் முகிம்பிலி மருத்துவமனையிலும் ஊழியராக இருந்தார். ஓவியப் பள்ளி எதிலும் அவர் பயின்றதில்லை. 1968 வாக்கில் தூரிகையைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. வெளிநாட்டவர் மிகுதியாக வாழ்ந்த ஆய்ஸ்டர் பே பகுதியில், மொரோகோரோ ஸ்டோர்ஸ் என்ற கடையருகே அவருடைய படங்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு, தப்பியோடும் குற்றவாளி என்று தவறாகக் கருதிய காவலர்கள் சுட்டதில் அவர் உயிரிழந்தார். இன்று உலகெங்கும் அறியப்படும் ஒரு பாணியை நிறுவ அவருக்குக் கிடைத்தவை நான்கே ஆண்டுகள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மறுமொழி – பலகையும் வண்ணமும்

மேலே உள்ள மறுமொழியோடு பொருள்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் இப்பாணி அப்பொருள்களிலிருந்தே பிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அவர் வரைந்தது கட்டட வேலைக்குப் பயன்படும் மேசனைட் அட்டைப்பலகையில். பெரும்பாலும் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள். தீட்டியது மிதிவண்டிக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தால். பளபளப்பும் அழுத்தமும் கொண்ட அந்த வண்ணம் மெதுவாகக் காய்வது. ஈரமான ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் இரண்டும் கலங்கிவிடும். எனவே பின்புலத்தை ஒரே நிறத்தில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் விலங்கின் உருவைத் தட்டையாக நிரப்பி, அதுவும் காய்ந்தபின் புள்ளிகளும் கோடுகளும் இட வேண்டியிருந்தது.

அவருடைய சிறுத்தை ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். உடல் பக்கவாட்டில் நிற்க, முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். பலகையின் விளிம்பில் இடம் போதாமல் வால் மேலே வளைந்துவிடும். உடலெங்கும் உள்ள புள்ளிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இராது; அச்சு வைத்தாற்போன்ற ஒழுங்கு அதில் இல்லை, நிதானமான ஒரு கை அங்கே இருந்தது என்பது மட்டும் தெரியும். காடோ மலையோ பின்னால் கிடையாது. ஒரு பலகைக்கு ஒரு விலங்கு, அதைச் சுற்றி வெறும் நிறம், மிஞ்சிப்போனால் ஒரு செடி அல்லது ஒரு பறவை.

இப்பாணியின் வேர் எது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. தெற்கே மண்வீட்டுச் சுவர்களில் வரையும் வழக்கத்தின் தொடர்ச்சி இது என்பர் சிலர். அப்போது தார் எஸ் சலாமில் படம் விற்றுவந்த காங்கோ ஓவியர்களைப் பார்த்தே அவர் தொடங்கினார் என்பர் வேறு சிலர். இரண்டும் ஒருசேர நடந்திருக்கத் தடையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தூரிகை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என்னிடம் உள்ள ஓவியத்தின் பின்புலம் மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சளாகி, மேலே சிவப்பாக மாறுகிறது. தாங்கள் சொல்லும் ஒற்றை நிறம் இல்லையே?

மறுமொழி – கிழக்குக்கரை

அதுவே தங்கள் ஓவியம் பிற்காலத்தது என்பதற்கு நல்ல அடையாளம். சைமன் ம்பட்டா, ஜனவரி லிண்டா, அடேயூசி மாண்டு, காஸ்பர் தேடோ, ஒமாரி அமோண்டே, அஜாபா அப்தல்லா ம்தாலியா முதலியோர் அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள். ஆசிரியர் மறைந்ததும் பட்டறையைக் கலைத்துவிடாமல், அவர் பெயரிலேயே அவர்கள் ஒன்றிணைந்தனர்; 1990ஆம் ஆண்டு அது முறையான கூட்டுறவுச் சங்கமாயிற்று. இன்று வரைபவர்களில் பலர் அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையினர். எனாமலை ஈரத்திலேயே இழுத்து ஒரு நிறத்தை மற்றொன்றில் கரைக்கும் கைப்பழக்கத்தை வளர்த்தெடுத்தவர்கள் பின்வந்தோரே. சுற்றுலாப் பயணிகள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வசதியாகப் பலகைக்குப் பதில் துணியும் வந்தது. ஒற்றை விலங்கு நின்ற இடத்தில் கூட்டமும் சேர்ந்தது.

ஆகவே போலி என்ற சொல், டிங்காடிங்காவின் கையொப்பத்தையே இட்டு விற்கப்படும் புதுப்படங்களுக்கு மட்டும் பொருந்தும். அத்தகையவை சந்தையில் உண்டு. தங்களிடம் இருப்பதை வரைந்தவர் தம் பெயரை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைத் தெளிவாகப் படித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தை யாருக்காவது காட்டும்போது அவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.