ஆய்வு முறையை மேம்படுத்தப் பல்கலைக்கழக நிதி: விண்ணப்பத்தில் என்ன எழுதலாம்?

வத்தல்மலை:
வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் 400 பெரியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து, குடிநீர் ஃப்ளோரைடையும் மூட்டு வலியையும் பார்க்கும் ஆய்வு தொடங்கவிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர். நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டது, ஆள் சேர்ப்பு தொடங்கவில்லை. இதற்கிடையில் எங்கள் பல்கலைக்கழகம் 3 லட்சம் ரூபாய், ஓராண்டு என்று ஒரு சிறு நிதி அறிவித்திருக்கிறது. நோயைப் பற்றிய ஆய்வுக்கு இல்லை. மனிதர்களிடம் ஆய்வு நடத்தும் முறையை மேம்படுத்தும் வேலைக்கு மட்டும். டேப்லெட் வாங்கி, களப்பணியாளர்களுக்குப் பயிற்சி வைப்பதாக எழுதினால் போதுமா?

தென்பெண்ணை:
போதாது சார். பயிற்சி கொடுத்ததால் எது, எவ்வளவு மேம்பட்டது என்று காட்ட வழி இருக்காது. ஒரே ஒரு குறையை எடுத்து, அதை அளந்து காட்டுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் குறை பின்தொடர்தல்தான். மழை பொய்த்தால் பெங்களூரு கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள். ஆறாம் மாதம் போனால் வீட்டில் பூட்டு தொங்கும். போகிறவர்கள் பெரும்பாலும் உடலால் உழைக்கக்கூடியவர்கள். மூட்டு வலியால் ஊரோடு தங்கியவர்கள் மட்டும் மிஞ்சினால் உங்கள் முடிவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கூடுதலாக ஆள் சேர்த்தாலும் அந்தச் சாய்வு போகாது.

அதனால் ஆய்வுக்குள் ஓர் ஆய்வு வையுங்கள், ‘ஸ்வாட்’ என்பார்கள். 400 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல வருகைக்கு முன் ஒரு போன். மறு பாதியிடம் சேரும்போதே உறவினர் எண்கள் இரண்டு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசி, வேலைக்குப் போகும் ஊரையும் திரும்பும் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘குறித்த தேதிக்கு முன்பின் 14 நாளுக்குள் வருகை முடிந்ததா’ என்பதுதான் விளைவு. இதை முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

குலுக்கல் பட்டியலை ஆள் சேர்க்காத ஒருவர் 4 பேர், 6 பேர் என்று மாறும் தொகுதிகளாகத் தயாரிக்கட்டும்; ஒவ்வொரு தொகுதியிலும் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறு பக்கம். வரிசை எண் போட்ட, உள்ளே இருப்பது தெரியாத உறைகள்; ஒப்புதல் வாங்கிப் பெயர் பதிந்த பிறகே பிரிக்க வேண்டும். எல்லாம் 4 பேர் தொகுதி என்றால் கடைசி உறையைக் களப்பணியாளர் ஊகித்துவிடுவார்.

எண்ணிக்கையில் நேர்மையாக இருங்கள். பின்தொடர்தல் 70 சதவீதத்திலிருந்து 80 ஆவதை 80 சதவீதத் திறனோடு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு சுமார் 290 பேர் வேண்டும். உங்களிடம் 200. அதில் 12 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். அப்படியே எழுதுங்கள், இத்தகைய சிறு ஆய்வுகளைப் பின்னால் ஒன்றுசேர்த்துக் கணக்கிட முடியும், அதனால் வீண் இல்லை.

தளி ரோடு:
ஏற்கெனவே வாங்கிய அனுமதி இதற்குச் செல்லாது. திருத்த மனு போட்டு, ஒப்புதல் வந்த பிறகே முதல் ஆளைச் சேர்க்க வேண்டும். உறவினர் எண் வாங்குவதையும் ஒப்புதல் படிவத்தில் சேருங்கள். உறவினரிடம் பேசும்போது ஆய்வு எதைப் பற்றியது, பங்கேற்பவருக்கு என்ன வலி என்று சொல்லவே கூடாது. பேச வேண்டிய வாசகத்தையும் குழுவிடம் கொடுங்கள்.

தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளுக்கு அந்தந்த மொழியில் படிவம் வேண்டும். மொழிபெயர்த்ததை வேறொருவர் மீண்டும் தமிழாக்கி ஒப்பிட வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சியாக ஆய்வோடு தொடர்பில்லாதவர் இருக்க வேண்டும். உங்கள் களப்பணியாளரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்த ஒப்புதல் நிற்காது.

அதியமான்கோட்டை:
செலவுக் கணக்கு: பகுதிநேரக் களப்பணியாளர் மாதம் 12,000 வீதம் 10 மாதம் 1,20,000. பயணம் 60,000. மறுசோதனை 40,000. மொழிபெயர்ப்பும் அச்சும் 25,000. தரவு ஆய்வு 20,000. ரீசார்ஜ் 15,000. சில்லறைச் செலவு 20,000. மூன்று லட்சம் சரியாகிவிட்டது. டேப்லெட் வேண்டாம், கோபோ டூல்பாக்ஸ் என்ற தரவு சேகரிப்புச் செயலி இருக்கும் போனிலேயே சிக்னல் இல்லாமலும் ஓடும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் யோசனை இருந்தால் டிஎல்டி பதிவு (மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் பதிவு) இல்லாமல் செய்தி போகாது. 200 பேரிடம் போனில் பேசுவதே மேல்.

ஃப்ளோரைடை அளக்கும் மின்முனை, அளவீடு சரியாக வர மாதிரியோடு கலக்கும் டிசாப் கரைசல் எல்லாம் மூல ஆய்வின் செலவு, இதில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். ஆனால் 10 சதவீத நீர் மாதிரிகளை அடையாளம் மறைத்து இரண்டாம் முறை சோதிப்பது முறை மேம்பாடுதான், தாராளமாக எழுதலாம். மாதிரியை பாலித்தீன் புட்டியில் எடுங்கள், கண்ணாடி கூடாது. மாதிரியும் டிசாப்பும் சம அளவு. பத்து மாதிரிக்கு ஒருமுறை லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தரக் கரைசலை வைத்துப் பாருங்கள். இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 1.0, மாற்று நீர் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 1.5. கருவியின் அளவீடு கொஞ்சம் விலகினாலும் ஒரு கிராமமே வேறு பட்டியலுக்குப் போய்விடும்.

வத்தல்மலை:
மிக்க நன்றி. போனே இல்லாதவர்களைக் குலுக்கலில் இருந்து நீக்கிவிடலாமா?

தென்பெண்ணை:
நீக்காதீர்கள். தனியாக வாழும் வயதான பெண்களும் மலைக்கிராமத்தவரும்தான் முதலில் விடுபட்டுப்போவார்கள். பக்கத்து வீட்டு எண், இல்லையென்றால் அங்கன்வாடிப் பணியாளர் வழியாகத் தகவல் என்று எழுதுங்கள். யாரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனாலும், குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே வைத்துக் கணக்கிடுங்கள்.