பழைய பூயர் தேநீர்: நான்காம் ஊற்றில் ஏன் கசக்கிறது?

சீனாவின் யுன்னான் பூயர் தேநீர் குடிப்பவர்கள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

இலை 2006-ஆம் ஆண்டு ஷெங் (தானாக முதிரவிடும் பச்சை வகை), 357 கிராம் எடையில் அழுத்திய வில்லை. 1970களில் வந்த, குவியலாக ஈரத்தில் புளிக்கவைக்கும் ஷோ வகை இல்லை. 100 மில்லி கைவானில் (மூடிபோட்ட சீனக் கிண்ணம்) 7 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர். 5 நொடி அலசிக் கொட்டியபின் 10, 10, 15, 20 நொடி என்று அதே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுகிறேன், அதனால் தேங்கி ஊறியது காரணமில்லை.

முதல் இரண்டில் பழைய மரப்பெட்டி வாசனை, லேசாகக் கற்பூரம். மூன்றாவதுதான் அருமை: விழுங்கியபின் தொண்டையில் இனிப்பு மெல்ல ஏறுகிறது. நான்காவதில் திடீர்க் கசப்பு, நாக்கின் ஓரங்கள் துவர்த்து வறள்கின்றன. ஆறாவது வெறும் வெந்நீர். இந்த வயது இலை பத்து ஊற்றாவது தாங்க வேண்டாமா?

குடித்து முடித்து இலையைப் பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டின் நடு இன்னும் கல் மாதிரி இறுகியிருக்கிறது. சுற்றிலும், வில்லையைக் கத்தியால் பெயர்த்தபோது நொறுங்கிய தூள். தூள் முதலிலேயே சாரத்தை விட்டுவிட, நடுப்பகுதி நான்காவதில்தான் வாய் திறக்கிறது என்பது என் ஊகம்.

அலசியபின் மூடிவைத்து 2 நிமிடம் ஆவியில் விட்டால் போதுமா, இரண்டு முறை அலசணுமா? கத்திக்குப் பதில் ஊசியால் பக்கவாட்டில் நெம்பினால் தூள் குறையுமா? ஆர்ஓ தண்ணீர்தான், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 40. அதுவும் சுவையைத் தட்டையாக்குமோ? வெப்பத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், 90 டிகிரியில் வாசனையே வரவில்லை.