ஃபிட்ஸ் வந்த பிறகு வலது கை தூக்க வரவில்லை, இது பக்கவாதமா?

மீனா_தஞ்சை:
தம்பிக்கு 24 வயது. சில வருடமாக ஃபிட்ஸ் உண்டு, எப்டாயின் போடுகிறான். புது வேலையில் சேர்ந்த அலைச்சலில் மாத்திரையைச் சரியாகப் போடவில்லை போல. போன வாரம் காலையில் வலது கை கட்டைவிரல் வெட்ட ஆரம்பித்து, அது தோள்வரை ஏறி, அப்புறம் உடம்பு முழுக்கத் துடித்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆனால் முழிப்பு வந்த பிறகு வலது கையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, காலை இழுத்து இழுத்து நடந்தான், பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், நார்மல். சி.டி. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் பழைய கால்சிஃபைடு கிரானுலோமா (சுண்ணாம்பு படிந்த சின்னக் கட்டி) ஒன்று, புதிதாக எதுவும் இல்லை என்றார்கள். சாயங்காலம் கை லேசாகத் தூக்கியது, மறுநாள் அவனே சட்டை பட்டன் போட்டுக்கொண்டான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'டாட்ஸ் பால்சி' என்று ஒரு வரி, அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. பெரியம்மா இது வாதம்தான், எண்ணெய் வைத்தியத்துக்குக் கூட்டிப்போ என்று நிற்கிறார். திரும்ப வருமா? பிசியோதெரபி வேண்டுமா?

ராகவன்_கே:
வாதம் இல்லைங்க. வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்பியதோ அந்த இடம் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போவதுதான் இது. 1849-இல் லண்டனில் ராபர்ட் பென்ட்லி டாட் என்கிற டாக்டர் இதை விவரித்தார், அதனால் அவர் பெயர். ஏன் இப்படி ஆகிறது என்பதில் இன்றைக்கும் ஒரே முடிவு கிடையாது: நரம்பணுக்கள் ஓய்ந்துபோகின்றன என்பது பழைய விளக்கம், மூளையே அந்தப் பகுதியை அடக்கி வைக்கிறது என்றும் ரத்த ஓட்டம் தற்காலிகமாகக் குறைகிறது என்றும் வேறு விளக்கங்கள் உண்டு. பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் தானாகச் சரியாகிவிடும்.

உங்கள் தம்பி விஷயத்தில் கணக்கு நேராகவே இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவது இடது மூளை. கிரானுலோமா இடது பக்கம், வெட்டியது வலது கை, விழுந்ததும் வலது கை. வலது கைக்காரர்களுக்குப் பேச்சும் பெரும்பாலும் இடது மூளையில்தான், அதனால்தான் குழறல். நம் ஊரில் இந்தக் கிரானுலோமா பெரும்பாலும் நாடாப்புழு முட்டையால் வருவது, சுத்தமில்லாத சாப்பாடு தண்ணீர் வழியாக சைவக்காரர்களுக்கும் வரும். சுண்ணாம்பு படிந்துவிட்டால் புழு செத்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் புழு மாத்திரை வேண்டாம். ஃபிட்ஸ் மாத்திரைதான் முக்கியம், அதை விட்டால் ஃபிட்ஸும் வரும், இதுவும் கூடவே வரலாம்.

வார்டு_அக்கா:
நியூரோ வார்டு நர்ஸ் நான். மேலே சொன்னது சரி, ஆனால் 'ஃபிட்ஸ்காரன்தானே, தானாகச் சரியாகும்' என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஸ்ட்ரோக்கே வலிப்போடு தொடங்குவதும் உண்டு, அதில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். முதல் தடவை கை விழுந்தாலோ, எப்போதும் விழாத பக்கம் விழுந்தாலோ, நேரம் ஆக ஆகக் கூடினாலோ உடனே கேஷுவாலிட்டி. அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது: எந்தக் கையில் ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். முடிந்தால் யாராவது போனில் வீடியோ எடுங்கள். வாயால் சொல்வதைவிட அதைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. ஐந்து நிமிடம் தாண்டியும் வெட்டு நிற்கவில்லை என்றால் 108.

செந்தில்_மதுரை:
எனக்கு இது வரும்ங்க, இடது கை. முதல் தடவை இனி பைக் ஓட்டவே முடியாது என்று அழுதேன், ராத்திரிக்குள் வந்துவிட்டது. (பைக் எப்படியும் டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார், அது வேறு கதை.) அந்த நேரத்தில் வீட்டு ஆட்கள் செய்யக்கூடாதது இரண்டு: விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை பிசகும். பேச்சு தெளியும்வரை காபி, இட்லி என்று வாயில் ஊட்டாதீர்கள், புரையேறும்.

மீனா_தஞ்சை:
ரொம்ப நன்றி. பிசியோ?

வார்டு_அக்கா:
முழுசாகத் திரும்பிவிட்டது என்றால் தேவையில்லைம்மா. எண்ணெய் வைத்தியமும் வேண்டாம். அந்தப் பணத்தில் மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள், கிழமை போட்டது. அடுத்த விசிட்டில் மாத்திரை விட்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள்.